பதம்

பை ஒட்டியிருந்த ஏழு மாதமும்
பற்பசைப் பதத்தில் வரவேண்டும் என்றாள்
தாதி லோசலினி, டியூபைப் பிதுக்குவதுபோல் கைகாட்டி.
தவமலர் அதைச் சமையற்கட்டுப் பாஷைக்கு மாற்றினாள்:
கஞ்சி, கூழ், களி.
குளியலறைக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று
"என்ன பதம்?" என்பாள்,
அடுப்பில் பாகு இருப்பதுபோல.
"கூழ்."
"அப்ப இன்னொரு வாழைப்பழம்."

இப்போது பை இல்லை. குடலைக் கூட்டித் தைத்துவிட்டார்கள்.
ஈரலில் பயறளவு ஒரு புள்ளி மட்டும்
மூன்று மாதத்துக்கொருமுறை படமெடுக்கக் கூப்பிடுகிறது.

வெட்டியெடுத்த ஆறு விரற்கடையில்
ஓர் அறிவு இருந்தது,
ஐம்பத்தாறு வருடம் நான் நன்றி சொல்லாத அறிவு.
காற்றா, வேறா என்று
இருட்டில் தடவிப் பார்த்துச் சொல்லும்.
பொறு என்றால் பொறுக்கும்.
இப்போது எல்லாம் ஒரே தட்டு, ஒரே அவசரம்.
விடிந்ததும் ஒன்பது தடவை,
பிறகு மாலைவரை ஒரு பேச்சில்லை.

நார் நல்லது நார் நல்லது என்று
சீனி வருத்தத்துக்குப் பயந்து தின்ற
சிவப்பரிசி, பயற்றங்காய், முருங்கையிலை
எல்லாம் வாசலோடு நின்றுவிட்டன.
உள்ளே வர அனுமதி:
வெள்ளைப் பாண், மசித்த உருளைக்கிழங்கு, தோலுரித்த கோழி.
பல் முளைக்காத பிள்ளையின் பட்டியல்.
பால்தேத்தண்ணி குடித்தால் இருபதாவது நிமிடம்.
வெங்காயம் என்றால் வீடு முழுக்கக் கேட்கும்.
அதுவும் நிச்சயமில்லை.
திங்கள் சமாதானமாயிருந்த கிழங்கு
புதன் காட்டிக்கொடுக்கும்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம்.
இந்தப் பானையில்
ஒவ்வொரு சோறும் தன்பாட்டில்.

வெளிக்குப் போவது என்கிறோம் எங்கள் பாஷையில்.
அதனால்தான் நான் வெளியே போவதில்லை.
பெண்டில் ஹில்லில் ஒரு சாமத்தியவீடு,
பிளாக்டவுனில் ஒரு அந்தியேட்டி.
கவர் மட்டும் போய்வருகிறது.

டிப்போவில் திகதி கேட்கிறார்கள்.
பரமற்றாவிலிருந்து காஸில் ஹில், நாற்பத்தெட்டு நிமிடம்.
பதினெட்டு வருடம் ஓட்டிய பாதையில்
கழிப்பறை எங்கே என்று பார்த்ததேயில்லை.
செவ்வாய்க்கிழமை பயணியாக ஏறினேன்.
சாப்பாட்டுக்கு அரைமணி முன்னே இரண்டு மாத்திரை,
மடியில் மாற்றுக் காற்சட்டை சுற்றிய பை.
ஓட்டியது ஜஸ்கரன்.
நூலகம், பத்துக்குத்தான் திறக்கும்.
பூங்கா, கதவில் பூட்டு.
எண்ணிக்கொண்டே போனேன்.

இருபத்தாறாவது நிமிடம், போல்க்கம் ஹில்ஸ் சிக்னலில்
வந்தது.
காற்றா, வேறா?
கேட்க உள்ளே ஆளில்லை.

நான் வாய் திறக்கவில்லை.
கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருப்பான்.
நிறுத்தமே இல்லாத இடத்தில்
பெற்றோல் நிலையத்து முன்னால் பஸ்ஸை ஒதுக்கினான்.
கல்லாப் பையன் தந்த சாவியில்
யாரும் கொண்டுபோகாதபடி
ஒரு பெரிய மரக்கரண்டி கட்டியிருந்தது.

திரும்பி ஏறியபோது
பதினொரு பேரும் அவரவர் போனுக்குள்.
ஒருத்தி மட்டும் தன் சாமான்பையைத் தூக்கி
கதவுப்பக்க இருக்கையைக் காலியாக்கினாள்.
"ஆறு நிமிடம் பிந்தி," என்றான் ஜஸ்கரன்,
"ரோட்டுவேலை என்று எழுதிவிடுகிறேன்."

இரவு, குறிப்புக் கொப்பி.
நேரம், உணவு, பதம், காரணம்.
காலையில் பாணோடு
கரண்டி நுனியில் செத்தல்மிளகாய்ச் சம்பல் தொட்டதை
நான் எழுதவில்லை.
தவமலர் கொப்பியைப் பார்த்தாள்,
சம்பல் கிண்ணத்தைப் பார்த்தாள்,
அதில் விழுந்திருந்த சின்னக் குழியைப் பார்த்தாள்.
பேனாவை வாங்கி
காரணம் என்ற கட்டத்துக்குள்
தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதினாள்:
ரோட்டுவேலை.